தகரக் கூரை வழியாகக் கணப்பின் புகைபோக்கி: ஓட்டையைச் சுற்றி என்ன அடைப்பது?

மச்சுவீடு எழுதியது:

வணக்கம். விறகு எரிக்கும் இரும்புக் கணப்பு ஒன்றை ஹாலில் வைக்கிறோம். புகை வெளியேறும் வாய் 150 மி.மீ. அதற்கு நேர் மேலே பலகை சீலிங், அதன் மேல் மச்சு, அதற்கும் மேல் கைமரம், ரீப்பர், பெயிண்ட் அடித்த தகர ஷீட். கூரைச் சாய்வு 30 டிகிரி. மச்சுத் தரையில் குளிர் தெரியாமல் இருக்கக் கிளாஸ் வூல் விரித்திருக்கிறது.

வேலைக்கு வந்த மேஸ்திரி சொன்ன திட்டம்: ஒரே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயைக் கணப்பிலிருந்து நேராகக் கூரைக்கு மேலே கொண்டுபோவது. பலகையிலும் தகரத்திலும் குழாய் நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை போடுவது. சுற்றிலும் கிளாஸ் வூலைத் திணித்து, மேலே சிலிகான் பூசிவிடுவது. ஒற்றைச் சுவர்க் குழாய் வாங்கியும் வைத்தாகிவிட்டது.

எனக்குப் பெரிய கவலை மழை ஒழுகுவதுதான். எந்த சிலிகான் தாங்கும்? சொட்டாமல் இருக்க வேறு என்ன செய்யலாம்?

தகரவேலை எழுதியது:

ஓட்டை போடவில்லையே? போடவில்லை என்றால் அப்படியே நிறுத்தி வையுங்கள்.

ஒழுகலுக்குப் பதில் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். முதலில் குழாய். ஒற்றைச் சுவர்க் குழாய் கணப்பு இருக்கும் அறைக்குள் மட்டும்தான். சீலிங்கையோ, மச்சையோ, சுவரையோ, கூரையையோ அது தாண்டவே கூடாது. அறைக்குள்ளும் அதற்கும் எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் நடுவே 450 மி.மீ. இடம் விட வேண்டும். பலகைச் சுவர், திரை, மர அலமாரி எல்லாம் இதில் அடக்கம்.

சீலிங்கில் தொடங்கிக் கூரைக்கு மேல் வரை போவது வேறு சரக்கு: இரட்டைச் சுவர், நடுவில் 25 மி.மீ. அல்லது அதற்கும் கூடுதலாக வெப்பத்தடுப்பு நிரப்பி ஆலையில் செய்து வருகிற புகைபோக்கி. உள்விட்டம் 150 என்றால் வெளிவிட்டம் 200 வரும். அதற்கே பெரும்பாலும் எல்லாப் பக்கமும் 50 மி.மீ. இடைவெளி கேட்பார்கள். அந்த இடைவெளியில் எதுவும் இருக்கக் கூடாது. காற்று மட்டும்.

நீங்கள் வாங்கிய குழாய் வீணாகாது, அறைக்குள் அதையே போடலாம். சீலிங்கில் தாங்கு பெட்டி ஒன்று வைத்து, அங்கிருந்து இரட்டைச் சுவருக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கூரையடி எழுதியது:

எங்கள் வீட்டில் பல வருடமாக ஒற்றைக் குழாய்தான் கூரை வழியாகப் போகிறது. சுற்றிலும் சிமெண்ட் பூச்சு. ஒன்றும் ஆகவில்லை. எல்லாவற்றையும் பயமுறுத்திப் பெரிதாக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

தீயணைப்புஓய்வு எழுதியது:

கூரையடி அவர்களே, “பல வருடமாக ஒன்றும் ஆகவில்லை” என்பதை எரிந்த வீடுகளில் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த வருடங்களில் அங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

புத்தம்புது மரம் சட்டென்று பற்ற வேண்டுமானால் ஏறக்குறைய 250 டிகிரி செல்சியசுக்கு மேல் போக வேண்டும். ஆனால் அதைவிட நன்றாகக் குறைந்த சூட்டில், குளிர்காலம் தோறும், மணிக்கணக்கில் அதே இடத்தில் மரம் காய்ந்துகொண்டிருந்தால் அது மெல்ல மெல்லக் கரியாக மாறுகிறது. ஈரம் போய், பிசின் போய், மிஞ்சுவது கரி. கரிக்குப் பற்றுவதற்கு அவ்வளவு சூடு தேவையில்லை. ஆகவே முதல் வருடம் தாங்கிய அதே மரம், அதே அடுப்பு, அதே அளவு விறகு, ஏழாவது வருடமோ பன்னிரண்டாவது வருடமோ தாங்காமல் போகலாம். வீட்டுக்காரர் புதிதாக எதுவும் செய்திருக்க மாட்டார்.

நான் பணியில் இருந்தபோது பார்த்த ஒரு வீட்டில் தீ பெரிதாகும் முன்பே அணைந்துவிட்டது. குழாயைச் சுற்றி அழகுக்காகப் போட்டிருந்த தகட்டைக் கழற்றினோம். அறைப் பக்கம் பலகை பளபளவென்று பாலிஷோடு இருந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. அருகில் இருந்த கைமரத்தின் குழாய்ப் பக்க விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன், பொடிந்து கொட்டியது. விரல் முதல் கணு வரை உள்ளே போயிற்று. கீழே உட்கார்ந்து குளிர்காய்ந்தவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை.

மழை ஒழுகினால் அன்றைக்கே தரையில் சொட்டும், பக்கெட் வைப்பீர்கள், ஆளைக் கூப்பிடுவீர்கள். சூடு அப்படி உடனே காட்டிக்கொடுக்காது. அதனால்தான் இழையைத் தொடங்கியவர் சிலிகானைக் கேட்டிருக்கிறார், இடைவெளியைக் கேட்கவில்லை. எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள், அவரைக் குறை சொல்லவில்லை.

சிமெண்ட் பூச்சும் காப்பாற்றாது. சிமெண்ட் எரியாது, ஆனால் சூட்டைத் தாராளமாகக் கடத்தும். குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே சிமெண்ட் பூசினால் சூடு நேரே மரத்துக்குப் போகப் பாலம் போட்டதாகிவிடும். உங்கள் வீட்டில் அந்தப் பூச்சை ஓரிடத்தில் பெயர்த்து, உள்ளே மரம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று தயவுசெய்து பாருங்கள். இதை அக்கறையோடுதான் கேட்கிறேன்.

மச்சுவீடு எழுதியது:

படித்ததும் மனம் கலங்கிவிட்டது. ஓட்டை போடவில்லை, வேலையை நிறுத்திவிட்டேன்.

ஒரு சந்தேகம். கிளாஸ் வூல் எரியாத பொருள்தானே? அதை இடைவெளியில் அடைத்தால் மரத்துக்குப் போகும் சூடு குறையத்தானே வேண்டும்? வெறும் காற்றைவிட அது நல்லது என்றுதான் மேஸ்திரியும் சொன்னார்.

அனல்கணக்கு எழுதியது:

நியாயமான கேள்வி. பலர் இடறும் இடமும் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெப்பத்தடுப்பு சூட்டை நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது. அரை மணி நேரம் எரிப்பதானால் தாமதம் போதும். கணப்பு மாலையில் பற்றவைத்து விடியும்வரை எரிகிற பொருள். அத்தனை மணி நேரத்தில் அடைப்பு முழுக்கச் சூடேறி, கடைசியில் மரத்தின் முகத்துக்கு வந்து சேரும். வந்த சூடு வெளியேற வழி இருக்காது, ஏனென்றால் காற்று போக வேண்டிய இடத்தைத்தான் அடைத்துவிட்டோமே.

வெறும் இடைவெளியில் நடப்பது வேறு. குழாயின் வெளிச்சுவரை ஒட்டிய காற்று சூடாகி மேலே ஏறும், கீழிருந்து குளிர்ந்த காற்று வரும். இந்த ஓட்டம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மரத்தின் முகமும் காற்றில் ஆறிக்கொண்டே இருக்கிறது. புகைபோக்கியை ஆய்வகத்தில் சோதிப்பதும் அந்த இடைவெளியைத் திறந்து வைத்துத்தான். அதை அடைத்துவிட்டால் குழாய் வரும் பெட்டியில் போட்டிருக்கும் 50 மி.மீ. என்ற கணக்கே செல்லாது.

இன்னொன்று, கிளாஸ் வூல் நூல் எரியாது சரி. அதன் முதுகில் ஒட்டியிருக்கும் பழுப்புக் காகிதம் எரியும். அதைப் பிணைக்கும் பசையும் சூட்டில் கருகும். மச்சில் விரித்திருப்பது காலப்போக்கில் சரிந்து, எலி இழுத்து, ஆள் நடமாடி, குழாயோடு போய் ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் மச்சுத் தரையில் குழாயைச் சுற்றி நிற்கும் தகர வளையம் ஒன்று தனியாக வருகிறது. கிளாஸ் வூலைவிட உயரமாக நின்று, அதை இடைவெளிக்குள் வரவிடாமல் தடுப்பது அதன் வேலை. கட்டாயம் போடுங்கள்.

குழாய் வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், முத்திரையைப் பாருங்கள். ஐரோப்பியத் தரம் ஈ.என். 1856-1 என்றால் ஒட்டியிருக்கும் சீட்டில் நீளமாக ஒரு குறியீடு இருக்கும். அதில் ‘டி450’ (T450) என்பது 450 டிகிரி புகையைத் தொடர்ந்து தாங்கும் என்று பொருள். கடைசியில் ‘ஜி50’ (G50) என்று இருந்தால் குழாய்க்குள் படிந்த புகைக்கரி பற்றி எரிந்தாலும் தாங்கும் என்றும், எரியும் பொருளிலிருந்து 50 மி.மீ. தள்ளி வைக்க வேண்டும் என்றும் அர்த்தம். ஜி-க்குப் பதில் ‘ஓ’ (O) என்று இருந்தால் அது விறகுக்கு ஆகாது, கரித்தீ தாங்காது. அமெரிக்கத் தரத்தில் யூ.எல். 103 என்பதோடு ‘எச்.டி.’ (HT) என்ற எழுத்தும் இருக்க வேண்டும். அந்தச் சோதனையில் 1,150 டிகிரி அளவுக்குப் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை சூடேற்றிப் பார்க்கிறார்கள்.

காஸ் ஹீட்டருக்கு என்று விற்கும் இரட்டைச் சுவர்க் குழாயும் பார்ப்பதற்கு இதேபோல இருக்கும். அதன் உள்சுவர் அலுமினியம். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். விறகுப் புகைக்கு அதைத் தொடவே தொடாதீர்கள். ஏசி வேலைக்கு வரும் துத்தநாகம் பூசிய குழாயும் கூடாது, துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகும்.

தகரவேலை எழுதியது:

அனல்கணக்கு சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனியின் குழாயில் இன்னொரு கம்பெனியின் துண்டைச் சொருகாதீர்கள். பூட்டு வளையம் உட்காருகிற மாதிரி தெரியும், உண்மையில் உட்காராது. தாங்கு பெட்டி, குழாய், இடைவெளித் தகடு, தொப்பி எல்லாம் ஒரே வரிசையில் வாங்குங்கள்.

ஆசாரிமகன் எழுதியது:

மர வேலைக்கு நான் சொல்கிறேன். மச்சுவீடு, கைமரங்களுக்கு நடுவே எவ்வளவு இடம்? முகட்டிலிருந்து குழாய் வெளியே வரும் இடம் எவ்வளவு தூரம்?

மச்சுவீடு எழுதியது:

கைமரம் 50 மி.மீ. தடிமன், மையத்துக்கு மையம் 600. முகட்டிலிருந்து கிடைமட்டமாக 0.8 மீட்டர் தள்ளி வரும். மச்சின் உயரம் அந்த இடத்தில் 1.3 மீட்டர். கணப்பின் தலையிலிருந்து சீலிங் வரை 2 மீட்டர்.

ஆசாரிமகன் எழுதியது:

நல்ல இடம் அமைந்திருக்கிறது. உள்ளளவு 550 கிடைக்கிறது, உங்களுக்கு வேண்டியது 200 குழாயும் இருபக்கமும் 50-ம் சேர்த்து 300 தான். கைமரத்தில் கை வைக்க வேண்டாம். ரீப்பர் மட்டும் குறுக்கே வரும், அதை வெட்டி, முனைகள் அந்தரத்தில் நிற்காமல் இருக்கக் கைமரத்துக்குக் கைமரம் மேலும் கீழும் இரண்டு குறுக்குச் சட்டம் கொடுத்துப் பிடியுங்கள். சட்டத்தின் முகமும் குழாயிலிருந்து 50 மி.மீ. தள்ளியே இருக்கட்டும்.

படிப்பவர்களில் யாருக்காவது கைமரம் குறுக்கே வந்தால், வெட்டுவதற்கு முன் கணப்பையே அரை அடி நகர்த்த முடியுமா என்று பாருங்கள். அதுவும் முடியாதென்றால் இருபுறக் கைமரத்தையும் இரட்டிப்பாக்கி, குறுக்குச் சட்டம் போட்டு, பிறகுதான் வெட்ட வேண்டும். முக்கோணமாகச் செய்து ஏற்றிய ட்ரஸ் கூரையில் ஒரு கட்டையைக்கூட வெட்டக் கூடாது. அதில் ஒவ்வொரு கட்டையும் மற்றதன் பாரத்தைத் தாங்குகிறது, பொறியாளர் பார்க்காமல் கத்தி வைக்காதீர்கள்.

மையம் எடுக்கத் தூக்குக்குண்டு போதும். சீலிங்கில் நூலைப் பிடித்து, குண்டின் முனை கணப்பு வாயின் நட்டநடுவில் நிற்கும்வரை நகர்த்தி, அங்கே ஆணி. சீலிங் ஓட்டை ஆன பிறகு, கூரையின் அடிப்பக்கத்திலிருந்து அதே மாதிரி இன்னொரு முறை.

இப்போது ஒரு கணக்கு. இங்கேதான் நிறையப் பேர் இடைவெளியைத் தொலைக்கிறார்கள். சாய்ந்த கூரையில் 300-க்கு 300 சதுர ஓட்டை போட்டால் போதாது. 30 டிகிரிச் சாய்வில் சாய்வின் நீளவாக்கில் 346 மி.மீ. வேண்டும். அதுவும் வெட்டு விளிம்பு தூக்குக்குண்டு நூலுக்கு இணையாக, செங்குத்தாக இருந்தால்தான். கூரையின் முகத்துக்கு நேர்க்குத்தாக ரம்பத்தை வைத்து வெட்டினால் கணக்கு மாறும். ரீப்பர், சட்டம் எல்லாம் சேர்த்து 150 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது 433 வேண்டும். 346 வெட்டிவிட்டு மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் இடம் இருக்கிற மாதிரியே தெரியும். மச்சுக்குள் போய் டார்ச் அடித்தால்தான் கீழ்மூலையில் மரம் குழாயோடு உரசிக்கொண்டு நிற்பது தெரியும். குழாய் ஏற்றிய பிறகு, 50 மி.மீ. கட்டைத்துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மச்சுக்குள் போய், நான்கு பக்கமும் மேலும் கீழும் அது இடிக்காமல் நுழைகிறதா என்று பாருங்கள். டேப்பைவிட அது நம்பகமானது.

மச்சுவீடு எழுதியது:

433 கணக்கை இரண்டு முறை படம் வரைந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. மிக்க நன்றி அண்ணா.

கூரைக்கு மேல் எவ்வளவு உயரம் விட வேண்டும்? மேஸ்திரி இரண்டு அடி போதும் என்கிறார்.

தகரவேலை எழுதியது:

இரண்டு அடி போதாது. இதற்கு வழக்கமான விதி ஒன்று உண்டு: கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 0.9 மீட்டர், கூடவே சுற்றி 3 மீட்டருக்குள் இருக்கும் கூரையின் எந்தப் பகுதியையும்விட 0.6 மீட்டர் உயரம். இரண்டில் எது அதிகமோ அது.

உங்களுக்கு முகடு 0.8 மீட்டரில் இருக்கிறது. 30 டிகிரிக்கு முகடு அந்த இடத்தைவிட 0.46 மீட்டர் உயரம். அதோடு 0.6 சேர்த்தால் 1.06 மீட்டர். இதே குழாய் முகட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி, கூரையின் கீழ்ப்பகுதியில் வெளியே வந்திருந்தால் 2.3 மீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கும். கூரைக்கு மேல் 1.5 மீட்டரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் தாங்கு கம்பி கொடுக்க வேண்டும், அதற்குக் கூரையில் இன்னும் நாலு ஓட்டை. முகட்டுக்குப் பக்கத்தில் எடுப்பது இதனால்தான் நல்லது. மேலிருந்து இறங்கும் மழைத்தண்ணீரும் அங்கே குறைவு.

மொத்த உயரத்தையும் கூட்டிப் பாருங்கள். அறையில் 2, மச்சில் 1.3, மேலே 1.06. மொத்தம் 4.36. கணப்பின் தலையிலிருந்து 4.5 மீட்டராவது வேண்டும் என்று பல கணப்புகளின் கையேட்டில் இருக்கும். அதனால் மேலே 1.2 மீட்டர் விடுங்கள், இழுவை நன்றாக இருக்கும். இன்னும் கம்பி தேவைப்படாத அளவுதான்.

பாரம் முழுக்கத் தாங்கு பெட்டியில் நிற்க வேண்டும், கணப்பின் தலையில் நிற்கக் கூடாது. அறைக்குள் ஒற்றைக் குழாயின் ஒடுங்கிய முனை கீழ்நோக்கிப் போகட்டும். புகைப்பிசின் வழிந்தால் குழாய்க்கு உள்ளேயே கணப்புக்குள் இறங்கிவிடும். தலைகீழாக மாட்டினால் மூட்டு வழியே வெளியில் கசிந்து கறுப்புக் கோடு கோடாக நிற்கும். ஒவ்வொரு மூட்டிலும் மூன்று திருகு.

மழைநீர் எழுதியது:

எல்லாரும் தீயைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், கேட்டவர் ஒழுகலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார். நான் தகர ஷீட் போடுகிறவள், அந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஷீட்டின் மேல் குழாயைச் சுற்றி உட்கார்வது ரப்பர் பூட். கூம்பு மாதிரி இருக்கும், அடிப்பகுதியில் வளைகிற அலுமினிய விளிம்பு இருக்கும். இரண்டு வகை வருகிறது. இ.பி.டி.எம். ரப்பர், பெரும்பாலும் கறுப்பு. இது தண்ணீர்க் குழாய், காற்றுக் குழாய்களுக்கு. சூட்டுக்கு வருவது சிலிகான், பெரும்பாலும் செங்கல் நிறம், 200 டிகிரி வரை தாங்கும். நிறத்தை மட்டும் நம்பாமல் அதில் அச்சிட்டிருக்கும் வெப்ப அளவைப் படியுங்கள். இன்னொன்றையும் பாருங்கள். சில புகைபோக்கிகளின் கையேட்டில் காற்றுத் துளை உள்ள தகரப் பிளாஷிங்தான் (ஓட்டையைச் சுற்றித் தண்ணீர் இறங்காமல் மூடும் தகடு) வேண்டும் என்று இருக்கும். அப்படி இருந்தால் பூட் போடக் கூடாது, காற்று வெளியேறும் வழி அடைபட்டுவிடும். அந்தத் துளைகளைப் பிறகு யாராவது ‘ஓட்டை இருக்கிறதே’ என்று சிலிகான் வைத்து மூடிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டின் கூம்பைக் குழாய் அளவுக்குச் சற்றுச் சின்னதாக வெட்டினால்தான் இறுக்கிப் பிடிக்கும். சதுர அடி உள்ளதானால், ஒரு மூலை முகட்டைப் பார்க்கிற மாதிரி திருப்பி வையுங்கள். தட்டையான பக்கம் மேலே பார்த்தால் வருகிற தண்ணீர் அங்கே முட்டித் தேங்கும். மூலை மேலே பார்த்தால் இரண்டாகப் பிரிந்து வழிந்துவிடும். ஷீட்டின் பள்ளம் முழுவதையும் பூட் அடைத்துவிடக் கூடாது, தண்ணீர் போகப் பக்கவாட்டில் வழி இருக்க வேண்டும். விளிம்பை ஷீட்டின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி விரலால் அழுத்தி வளைத்து, அடியில் சிலிகான் கோடு இழுத்து, அப்புறம் திருகு.

சிலிகானில் ஒரு விஷயம். திறந்தவுடன் புளித்த காடி வாடை அடித்தால் அது அமிலம் விடுகிற வகை, தகரத்தின் பூச்சை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள். ஈயத் தகட்டைத் துத்தநாக-அலுமினியப் பூச்சு ஷீட்டின் மேல் படும்படி வைக்காதீர்கள், ஷீட் அரித்துப் போகும்.

ஷீட்டைக் கிரைண்டரில் வெட்டாதீர்கள். தீப்பொறியாகப் பறக்கும் இரும்புத் துகள் பெயிண்டில் பதிந்து, சீக்கிரத்திலேயே சுற்றிலும் துருப் புள்ளி புள்ளியாக வரும். தகரக் கத்தரி அல்லது நிப்ளர் (தகட்டைக் கொத்திக் கொத்தி வெட்டும் கருவி) போதும். வேலை முடிந்ததும் மென்மையான பிரஷ்ஷால் துகள்களைக் கூட்டி எடுத்துவிடுங்கள்.

பூட்டுக்கு மேலே குழாயில் ஒரு மழைக்காலர் வரும், அதைக் குழாயோடு சேர்த்து சூடு தாங்கும் சிலிகான் வையுங்கள். பிளாஷிங்கையும் குழாயையும் சேர்த்து மட்டும் திருகு போட்டுவிடாதீர்கள். குழாய் ஏறி இறங்க வேண்டிய பொருள்.

அனல்கணக்கு எழுதியது:

அக்கா சொன்ன கடைசி வரிக்கு எண் கொடுக்கிறேன். 5 மீட்டர் நீள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 400 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 34 மி.மீ. நீளும். உள்சுவர் அந்த அளவுக்கு நீளும், வெளிச்சுவர் குறைவாக. திருகு போட்டுப் பூட்டினால் ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் பிளாஷிங் இழுபடும். சிலிகான் கிழியும். ஒழுகும்போது எல்லாரும் சிலிகான் மட்டம் என்று திட்டுவார்கள்.

கூரையடி எழுதியது:

தீயணைப்புஓய்வு ஐயா, நீங்கள் சொன்னபடி சிமெண்ட் பூச்சைக் கொஞ்சம் பெயர்த்துப் பார்த்தேன். பூச்சுக்கு அடியில் ரீப்பர் காபிப்பொடி நிறத்தில் இருக்கிறது, குழாயை ஒட்டிய ஓரம் கறுப்பு. நகத்தால் சுரண்டினால் கையில் கரி ஒட்டுகிறது. கணப்பை அணைத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

தீயணைப்புஓய்வு எழுதியது:

பார்த்தது நல்லதாயிற்று தம்பி. இனி அந்த வேலையைச் சரிசெய்யும்வரை ஒரு குச்சிகூடப் பற்றவைக்காதீர்கள். கறுத்த பகுதியைச் சுரண்டி விட்டு வைக்கக் கூடாது, நல்ல மரம் தெரியும்வரை வெட்டி மாற்ற வேண்டும். ரீப்பரோடு நின்றுவிட்டதா, கைமரம்வரை போயிருக்கிறதா என்று பூச்சு முழுவதையும் எடுத்துப் பாருங்கள். பிறகு இங்கே சொன்ன முறையில் இரட்டைச் சுவர்க் குழாய்.

ஷீட்வீடு எழுதியது:

எங்களுடையது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இதே முறைதானா? இன்னொரு பகுதி கான்கிரீட் தளம், அங்கே வைத்தால் இடைவெளிப் பிரச்சினையே இல்லையா?

மழைநீர் எழுதியது:

ஆஸ்பெஸ்டாஸை நீங்களாக வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூசியில் உள்ள இழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோகும், கிரைண்டர் வைத்தால் வீடு முழுக்கப் பரவும். அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்களைக் கொண்டு அந்த ஷீட்டை உடைக்காமல் முழுசாக இறக்கி, அந்த இடத்தில் தகர ஷீட் போட்டு, அதில் ஓட்டை எடுங்கள்.

கான்கிரீட் எரியாது. ஆனாலும் குழாயை வைத்து இறுக்கிப் பூசாதீர்கள், பெரிய ஸ்லீவ் (உறைக்குழாய்) விட்டு அதற்குள் குழாய் தளர்வாகப் போகட்டும். தளத்தின் மேல் தார் ஷீட் ஒட்டியிருந்தால் அது எரியும், அதற்கும் இடைவெளி வேண்டும். அடியில் பி.வி.சி. அல்லது தெர்மோகோல் சீலிங் இருந்தாலும் அப்படித்தான். நடுவில் நுரை வைத்த சாண்ட்விச் பேனல் கூரைக்கு இன்னும் கவனம் தேவை. மேலும் கீழும் தகரம் தெரிவதால் எரியாது என்று நினைப்பார்கள், உள்ளே இருப்பது அத்தனையும் எரியும் நுரை.

மச்சுவீடு எழுதியது:

இரட்டைச் சுவர்க் குழாய், தாங்கு பெட்டி, மச்சு வளையம், சிலிகான் பூட், தொப்பி எல்லாம் ஒரே வரிசையில் சொல்லியாகிவிட்டது. சீட்டில் ஜி50 இருக்கிறது, பார்த்துத்தான் வாங்குகிறேன். கையேடும் சிலிகான் பூட்டை அனுமதிக்கிறது. மேஸ்திரியிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். கோபப்படவில்லை, 433 கணக்கை அவரே பலகையில் போட்டுப் பார்த்தார்.

முதல் தடவை பற்றவைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தகரவேலை எழுதியது:

முதலில் சின்னத் தீ. இரண்டு மூன்று தடவை அப்படியே சின்னதாக எரித்து ஆறவிடுங்கள், கணப்பின் பெயிண்ட் இறுகும். அப்போது வாடையும் லேசான புகையும் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைந்து புகை அறைக்குத் திரும்பும், அதை நிறுத்திவிட்டுப் பற்றவையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கணப்பு இருக்கும் அறையில் ஒன்று, படுக்கையறைப் பக்கம் ஒன்று. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

ஈர விறகு வேண்டாம். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈர விறகின் புகை குளிர்ந்த குழாயில் படிந்து தார் மாதிரி பிசினாகும். அது பற்றினால் உள்ளே 1,100 டிகிரிவரை போகும். காதில் ரயில் ஓடுகிற மாதிரி இரைச்சல் கேட்கும். அப்படிக் கேட்டால் கணப்பின் காற்று வாயை மூடிவிட்டு, எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். தானாக அணைந்துவிட்டாலும் குழாயை முழுசாகப் பரிசோதிக்காமல் மறுபடி பற்றவைக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும், படிவு 3 மி.மீ. வந்தாலே பிரஷ் போட்டுத் தேய்த்து எடுங்கள். தொப்பியின் வலையையும் அப்போதே பாருங்கள், முதலில் அடைவது அதுதான்.

மேலே ஏறும் ஆளுக்குச் சேணமும் கயிறும் இல்லாமல் அனுப்பாதீர்கள். பெயிண்ட் அடித்த தகரம் 30 டிகிரியில் பனி ஈரம் பட்டாலே வழுக்கும்.

ஆசாரிமகன் எழுதியது:

கடைசியாக ஒன்று. சீலிங்கில் குழாயைச் சுற்றி வரும் அழகுத் தகட்டை ஆணி அடித்து மூடிவிடாதீர்கள், நான்கு திருகு போதும். மூடுவதற்கு முன் சீலிங்கிலும் கூரையடியிலும் டேப்பை வைத்து இடைவெளி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் குழாய் தேய்க்க ஆள் வரும்போது அந்தத் தகட்டையும் கழற்றச் சொல்லி, பின்பக்கத்து மரத்தின் நிறத்தைப் போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மச்சுக்குள் கிளாஸ் வூல் வளையத்தைத் தாண்டி வந்திருக்கிறதா என்பதையும் சேர்த்து.